இடது மூலையில் ஏழு குடிசைகள்

பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்த படத்தைப் பிரித்து விசாரணை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள் சிந்தாமணி.

நூற்றறுபது வருசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் வரைந்து, தகட்டில் செதுக்கி அச்சடித்தது. ஜமீன் பங்களாத் தோட்டம். நடுவில் நீரூற்று, கத்தரித்த செடிவேலி, குடை நிழலில் ஜமீன்தார்.

இப்படிப் படம் போட்டுச் சீமையிலிருக்கும் துரைகளுக்கு அனுப்புவது அப்போது ஒரு பெருமை. தோட்டம் எவ்வளவு பெரிசு என்று தெரிவதற்காக, ஓரத்தில் கூலியாட்களைக் கட்டைவிரல் உயரத்துக்குப் போடுவார்கள்.

இதிலும் இடது மூலையில் ஏற்றம் இறைக்கிற நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் ஏழு குடிசைகள்.

தோட்டம் முந்திரிக்காடாகிவிட்டது. குடிசைக்காரர்களின் வம்சம், சிந்தாமணியின் சொந்தங்கள், மட்டும் இன்றும் ஏழு வீடுகளாக அதே இடத்தில் இருக்கிறது. நேற்று வந்து குடியேறியவர்கள், காலி பண்ணட்டும் என்கிறார்கள் ஜமீன் வாரிசுகள்.

சென்னையில் பழைய படம் விற்கிற கடைகளில் ஏறி இறங்கி இதைக் கண்டுபிடித்தவள் சிந்தாமணி. செல்போனில் எடுத்தது செல்லாது, அசல் வேண்டும் என்று ஜெயங்கொண்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"குடிசை எங்கம்மா?" என்றார் அதிகாரி.

குனிந்து பார்த்தாள். இடது பக்கம் இரண்டு அங்குலம் இல்லை. பிளேடால் இழுத்த நேர்வெட்டு.

முந்தின நாள் திருச்சியில் கண்ணாடிச் சட்டம் போட்டு, புடவையில் சுற்றியபடியே கொண்டுவந்து கொடுத்தது அவள் அண்ணன் நல்லுசாமி. அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்தவர். பக்கத்தில் நின்ற அவருக்கு வேர்த்து ஊற்றியது. பாவம், கடைக்காரன் சட்டத்துக்கு அளவாக நறுக்கினால் அண்ணன் என்ன செய்வார்?

"கடைசியா யார்கிட்ட இருந்துச்சு?"

அண்ணன் பேரைச் சொன்னால் அவரைப் போட்டு இழுத்தடிப்பார்கள்.

"எங்கிட்டதாங்க சார். நான்தான் தெரியாம வெட்டிட்டேன்."

அதிகாரி அதை அப்படியே எழுதினார். சிந்தாமணி கையெழுத்துப் போட்டாள்.

எழுத்தர் குடியிருப்பவர்களின் பெயர்களை வாசித்தார். ஆறோடு நின்றுவிட்டது.

"எங்க அண்ணன் வூடு விட்டுப்போச்சுங்க."

எழுத்தர் தாளைப் புரட்டினார். "நல்லுசாமிதானே? அவரு மனையை மட்டும் ஜமீன்காரங்க போன வாரமே அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்களேம்மா."

சிந்தாமணி அண்ணனைப் பார்த்தாள்.

அவர் அவளுடைய கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.