கேசட்டில் இல்லாத டீச்சர்

"யார் என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு லீலா. மத்தத நான் பாத்துக்கிறேன் லா," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரமணி டீச்சர்.

லீலாவதி பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். அடுத்தது அவளுடைய கேசட்.

கோலசிலாங்கூரில் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு நாலு சனிக்கிழமை ஆங்கிலப் பயிற்சி. இன்று கடைசி நாள். ஒவ்வொருவரும் தங்கள் ஆங்கில வகுப்பைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார்கள். எது சிறப்போ, அந்த ஆசிரியருக்குக் கோலாலம்பூரில் ஒரு மாத மேல்பயிற்சி. அதற்கு எப்படியாவது போய்விட வேண்டும் என்று லீலாவதிக்கு அப்படி ஓர் ஆசை.

"நீங்க பேசாதீங்க, பிள்ளைங்கள பேச விடுங்க" என்று பயிற்சி அதிகாரி நாராயணசாமி முதல் நாளிலிருந்தே கரடியாய்க் கத்தினார். யார் கேட்டார்கள்? தேவதாஸ் சாரின் கேசட்டில் அரை மணி நேரமும் தேவதாஸ் சார்தான்.

லீலாவதியின் கேசட் ஓடத் தொடங்கியது.

"இஸ் இட் எ டுரியான்?"

"நோ லா. டுரியான் ஸ்மெல் வெரி ஸ்ட்ராங்."

"ஓப்பன் த பேக்."

"சே ப்ளீஸ் லா."

பைக்குள் என்ன பழம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. பிள்ளைகளே கேட்டார்கள், பிள்ளைகளே திருத்தினார்கள். இருபது நிமிடத்தில் டீச்சர் குரல் ஓரிடத்திலும் இல்லை.

நாராயணசாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதத்தானே நாலு வாரமா சொல்றேன். என்ன ஒரு பொறுமை! கோலாலம்பூருக்கு இவங்கதான்" என்று பெயரை எழுதிக்கொண்டார்.

லீலாவதிக்குத் தலைகால் புரியவில்லை. ரமணி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"முன்னால வாங்க டீச்சர். எப்படி வாயக் கட்டிக்கிட்டு இருந்தீங்க? எல்லாருக்கும் சொல்லுங்க."

லீலாவதி போனாள். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் திரும்பிவிடலாம்தான், ஆனால் மனசு கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள்:

"போன சனிக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியில், ஜெராமில் ரெண்டு கிண்ணம் ஐஸ் கச்சாங் சாப்பிட்டேன் சார். அன்றிலிருந்து எனக்குக் குரலே வரவில்லை."

நாராயணசாமி அதை இரண்டு முறை படித்தார். எழுதிய பெயரை அவர் அடிக்கவில்லை. தேவதாஸ் சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது எந்தக் கடை டீச்சர்?" என்றார்.