முழங்கால் விலை

ஏழு வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு நூற்றைம்பது திர்ஹம் என்று விலை வைத்தவர் சுஐபுதான்.

காருக்குப் பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்க, புஜைராவில் அவர் கடையில் இரண்டு ரக டோ பார் உண்டு. ஒன்று பிக்ஸட். அடிச்சட்டத்தோடு முடுக்கிவிட்டால் வண்டி இருக்கும்வரை இருக்கும். மற்றது, வேலை முடிந்ததும், பூட்டியிருக்கும் பின்னை உருவிக் கழற்றி டிக்கியில் போட்டுக்கொள்கிற ரகம். விலையில் வித்தியாசம் நூற்றைம்பது திர்ஹம். அதில் முக்கால்வாசி லாபம்.

நோன்புப் பெருநாளைக்கு முன்னால் ராஜிக் வந்து பிக்ஸட்டைத்தான் கேட்டான். புதிதாகப் படகு வாங்கியிருந்தான். பக்கத்தில் மகன் ஹாதி நின்றான்.

சுஐபு தகப்பனைப் பார்க்கவில்லை. பையனின் முழங்காலைப் பார்த்தார்.

"பிக்ஸட்டு எந்நேரமும் பின்னால நீட்டிக்கிட்டு நிக்கும் தம்பி. ஓடி வர்ற பிள்ளை இடிச்சுக்கிடும். ஒம் புள்ள முட்டிக்கு நூத்தம்பது தேறாதா?"

தேறியது.

ராஜிக்கும் லேசுப்பட்டவன் இல்லை. வாங்குகிறவனும் கீழக்கரை, விற்கிறவனும் கீழக்கரை. மூன்று சுற்று சுலைமானி டீ உள்ளே போயும் பேச்சு முடியவில்லை. கடைசியில் ஐந்தே ஐந்து திர்ஹத்தைக் குறைத்துவிட்டு, கோட்டையைப் பிடித்தவன் மாதிரி எழுந்து போனான்.

சுஐபு கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. விலையை உடைக்கிறவன் சிரித்துக்கொண்டே போகலாம். ஆனால் அவன் தூக்கிப் போகிற பெட்டியில், உடைத்த காசுக்கு ஈடாக ஏதாவது ஒரு சில்லறைச் சாமான் இருக்காது. சீட் கவர் என்றால் ஒரு கொக்கி. ஹாரன் என்றால் ஒரு திருகாணி. திரும்பி வந்து கேட்டால் தனியாக விற்றுக்கொள்ளலாம்.

ராஜிக் இன்று நாலு மாதம் கழித்து வந்திருக்கிறான். கூட மனைவி உம்மு சல்மா. பையன் இல்லை.

நடந்தது புஜைரா முழுக்கத் தெரியும். படகுத்துறைச் சரிவில் டிரெய்லரை மேலே இழுக்கும்போது டோ பார் கழன்றது. படகோடு டிரெய்லர் பின்னால் உருண்டது. பின்னால் ஹாதி நின்றிருந்தான்.

பின்னைச் சரியாகச் செருகாமல் விட்டது தன் கைதான் என்று ராஜிக் போலீஸிடம் சொன்னான். ஜனாஸா அடக்கத்தன்றும் அதையே சொல்லி அழுதான். சந்தூக்குக்குத் தோள் கொடுத்து நடந்த சுஐபு வாயைத் திறக்கவில்லை. பெட்டிக்குள் என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்று ராஜிக் வேறொரு கடையில் விசாரித்துவிடக் கூடாது. நாலு மாதமாக அவருடைய துஆ அது ஒன்றுதான்.

"விசா கேன்சல் பண்ணியாச்சு காக்கா, ஊருக்கே போறோம். வண்டியை ஓமான் சோஹார்க்காரர் ஒருத்தர் எடுக்குறார். அவருக்கும் படகு இருக்காம். எந்த டோ பாருன்னாலும் சரிங்கிறார்" என்றான் ராஜிக். "நீங்க அதைக் கழட்டி எறிஞ்சிட்டு பிக்ஸட்டு போட்டிருங்க. மேல வெல்டிங்கும் வச்சிருங்க. காசு நான் தர்றேன்."

சுஐபு விலை சொன்னார். பழக்கதோஷம், குறைப்பதற்கு இடம் விட்டே சொன்னார்.

ராஜிக் சொன்னதை அப்படியே எண்ணி வைத்துவிட்டு வண்டியிடம் போய்விட்டான்.

விலை பேசாத ராஜிக்கை அவர் அன்றுதான் பார்த்தார். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பார்.

உம்மு சல்மா கல்லாவுக்கு முன்னால் நின்றாள். கல்லா மேல் இருந்த கண்ணாடிச் சாடிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். வளைந்த கம்பி. கொண்டை ஊசி மாதிரி இருந்தது.

"இது எதுக்குக் காக்கா?"

பயந்த கேள்வி, பயப்படாத பக்கத்திலிருந்து வந்துவிட்டது.

"சில்லறைச் சாமான் தங்கச்சி. ஒண்ணுமில்ல."

அவள் அதைச் சாடியிலேயே போட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னைக்கு உங்ககிட்ட அஞ்சு திர்ஹம் குறைச்சிட்டேன்னு அவுக வீட்டுல வந்து சிரிச்சு சிரிச்சு சொன்னாக. உங்களுக்கு அதுல மனக்குறை இருந்திருக்கும். அந்தக் குறைதான் எம் புள்ளையில வந்து விடிஞ்சிச்சோன்னு எனக்குத் தூக்கமில்ல. பொருந்திக்கிடுங்க காக்கா."

பயணம் போகிறவர்கள் கேட்டு வாங்குகிற வார்த்தை அது. கொடுக்கல் வாங்கலில் குறை இருந்தால் மன்னித்துத் தள்ளிவிடுங்கள் என்று அர்த்தம். கேட்டவரை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

"பொருந்திக்கிட்டேன்" என்றார் சுஐபு.

கேட்டவரிடம் திருப்பிக் கேட்பதும் முறைதான். நீங்களும் பொருந்திக்கிடுங்க என்று. உம்மு சல்மா அதற்காகத்தான் போல, ஒரு நிமிஷம் நின்றாள்.

பின்பக்கம் கடை மெக்கானிக் வைத்த வெல்டிங்கில் பொறி பறந்தது. அந்தச் சத்தத்தில் தன் குரல் கேட்காது என்று சுஐபு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சத்தம் நின்றபோது அவள் வண்டியில் ஏறியிருந்தாள்.

வண்டி போனது. இனி யார் இழுத்தாலும் கழலாது.

சுஐபு சாடியைக் கல்லா மேல் கவிழ்த்தார். ராஜிக்கின் பெட்டியிலிருந்து எடுத்தது எது என்று தேடினார். எல்லாம் ஒரே அச்சு.

ராஜிக் பக்கம் ஐந்து திர்ஹம், கணக்கு நேர்.

சுஐபு பக்கம், பின்னின் நுனியில் மாட்டிவிட்டால் எந்தக் குலுக்கலுக்கும் அதை நழுவவிடாத கிளிப் ஒன்று, பாக்கி.