நன்றியுரைத் தாள்

"இந்தத் தாளைப் படிக்க மாட்டேன், சிஸ்டர்!" என்றாள் சபீனா. "நன்றி சொல்றேன். ஆனா 'வறுமையில் வாடிய அபலை நான்'னு மைக்ல சொல்ல மாட்டேன்."

முதல்வர் சிஸ்டர் பிலோமினாவுக்கு முகம் சிவந்தது. "எந்த மதம்னு கேட்காம உன்னைச் சேர்த்துக்கிட்ட காலேஜ் இது. நன்கொடையாளர் விழாவுல பத்து வருஷமா இந்தத் தாளைத்தான் படிக்கிறாங்க. ஒருத்தியும் மறுத்துப் பேசலை!"

சபீனா மேடையேறினாள். தாளை மடித்தாள். "என்னை உங்கள்ல ஒருத்தியா சேர்த்துக்கிட்டீங்க. நன்றி" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவளைப் படிக்கவைக்கும் ஹைதராபாத் குகட்பள்ளி சாப்ட்வேர்க்காரி ரோகிணி, முன்வரிசையிலிருந்து விருட்டென்று எழுந்து வந்தாள்.

"மன்னிச்சிடுங்க மேடம்..." சிஸ்டர் பதறினார்.

ரோகிணி சபீனாவிடமிருந்து தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள்.

"இதை முதன்முதலா அழுதுக்கிட்டே படிச்சவ நான்தான், சிஸ்டர். மாட்டேன்னு சொல்ல ஒருத்தி வருவாளான்னுதான் வருஷா வருஷம் வந்து உட்கார்றேன்."