முதுகில் ஒரு கை

மலைப்பாதைச் சைக்கிள் பந்தயங்களில் என் மகளும் மருமகனும் இணையாகக் கலந்துகொண்டவர்கள். செங்குத்தான ஏற்றங்களில், வலுவுள்ளவர் மற்றவரின் முதுகில் கைவைத்துத் தள்ளலாம். அந்தப் பந்தயங்களில் அதற்கு அனுமதி உண்டு. இந்தப் பந்தயப் பருவத்தின் நடுவில் மருமகன் ஓர் இறக்கத்தில் விழுந்து இறந்தார். பந்தயக் குழுவினர் அனுப்பிய இரங்கற்செய்தியில் வரிக்கொரு பிழை. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். வேறு எவரிடம் நான் கோபத்தைக் காட்டுவது?

மீதிப் பந்தயங்களை மகள் தனியாகவே ஓட்டி முடித்தாள். அவளுடைய சட்டைகளைத் துவைத்தவன் நான். ஒவ்வொன்றின் முதுகிலும் சேறு படிந்த உள்ளங்கைத் தடம் இருந்தது. விரல்கள் அவளுடையவற்றைவிட நீளமானவை. எதுவும் கேட்காமல் துவைத்துக் காயப்போட்டேன்.

பருவம் முடிந்த மறுநாள் காலையில், இத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேச்செடுத்தேன்.

"அடுத்த வருஷம் என்னம்மா செய்யப்போற?"

"அந்தப் பெரிய ஏத்தத்தை நானே ஏறணும்ப்பா. யாரும் தள்ளாம."

"யாரு தள்ளுறாங்க?"

"சட்டையைத் துவைக்கிறது நீங்க. என்னைக் கேக்குறீங்க?"

கொடியில் காய்ந்திருந்த சட்டையை எடுத்து மடித்தேன்.

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னிக்குச் சொல்லிடுறேன்."

பயிற்சிக்குப் போனவள் வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். சட்டையின் முதுகில் கறையே இல்லை. சைக்கிளை உள்ளே உருட்டிவந்து நிறுத்திய பின்னும், இன்னொரு சைக்கிள் நுழைவதற்கு ஆகும் நேரம் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். பிறகு மெல்லச் சாத்தினாள்.