படிக்கட்டுச் சுவர்

அவள் புகைப்படத்தை மடித்தாள்.

வெட்ட மனம் வரவில்லை. கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு, விரலாலேயே நீவி நீவி மடித்தாள்.

திருச்செந்தூர் கடற்கரை. ஈர மணலில் மகள் பூரணி முன்பல் இல்லாமல் சிரிக்கிறாள். மடிப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் நாதன். அவனை அட்டைக்குப் பின்னால் தள்ளிச் சட்டத்துக்குள் செருகி மூடினாள்.

கண்ணாடிக்குள் இப்போது ஒரு பெண் குழந்தை மட்டும்.

படிக்கட்டுச் சுவர் நெடுக வீட்டுப் படங்களை மாட்ட வேண்டும் என்பது பூரணியின் ஆசை. சிநேகிதி வீட்டில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சட்டங்களும் அவள் வாங்கியவைதான். அதற்குள் மதுரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

நல்ல இடம். பையனைப் பூரணிக்குப் பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லாமல், சில நாட்களாகக் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் நாதனைப் பார்த்ததும் பாதிக் காப்பியோடு எழுந்து போனவர்கள்.

குற்றாலநாதன். தலைச்சன் பிள்ளை. முப்பது வயதிலும் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும். பேச்சு சின்னப் பிள்ளையின் பேச்சாகவே நின்றுவிட்டது. நாளைக்கு உங்க மகளுக்குப் பிறக்கிறதும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே போனாள்.

இந்த முறை தரகரிடம் அவனைப் பற்றிப் பேச வேண்டாம் என்று தீர்மானித்தது அவள்தான். கணவர் உயிரோடு இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது பூரணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். கடற்கரைப் படத்தின் முன் கொஞ்சம் நின்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் கழற்றியிருப்பேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மைதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் நாதனுக்குப் புதுச் சட்டை போட்டு, அடுத்த தெருவில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். விருந்தா என்று கேட்டான். ஆமாம் என்றாள். சந்தோஷமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டு நிறையப் பழமும் பூவுமாக வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூட்டுவலி. இருந்தும் படங்களைப் பார்ப்பதற்காகவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கல்யாணப் படத்தில் பூரணியின் அப்பாவைப் பார்த்து, பிள்ளை அப்படியே இவரைக் கொண்டிருக்கிறாள் என்றாள். கடற்கரைப் படத்தில் பொக்கை வாயைப் பார்த்துச் சிரித்தாள். மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நல்ல மனுஷி. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒத்தப் பிள்ளையா வளந்தவளா?"

"ஆமா."

நாக்குக் குழறவில்லை. குரல் நடுங்கவில்லை. பொய் அத்தனை சுலபமாக வந்துவிட்டது.

தை மாதத்தில் நாள் பார்க்கலாம் என்று சொல்லி, பூரணிக்குப் பூ வைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். கார் தெருமுனை திரும்பியதும் அவள் ஓட்டமும் நடையுமாகப் போய் நாதனை அழைத்து வந்தாள்.

அவன் செருப்பைக் கழற்றாமலே படிக்கட்டுக்கு ஓடினான். படங்கள் என்றால் அவனுக்கு உயிர். கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னான்.

அப்பா. அம்மா. அத்தை. பாப்பா.

பூரணி அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

கடற்கரைப் படம் வந்ததும் நின்றான். அவன் கேட்கும்போதெல்லாம் ஆல்பத்தைத் திறந்து அம்மா காட்டிய படம் அது. பாப்பாவைத் தொட்டான். விரல் மெல்ல நகர்ந்து, சட்டத்தின் ஓரத்தில் முட்டி நின்றது.

மேல்படி வரை போனான். இறங்கி வந்தான்.

எங்கோ விட்டுவிட்டோம் என்று நினைத்தவன் போல, மறுபடி முதல் படத்திலிருந்து ஆரம்பித்தான்.

கோபமில்லை. அழவில்லை. தேடினான்.

அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். கையில் அவனுக்கென்று எடுத்துவைத்த கேசரி.

பூரணி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையில் அவர்கள் வைத்துவிட்டுப் போன பூ. அண்ணன் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்தாள். செல்போனில் மாப்பிள்ளை வீட்டு எண்ணை அழுத்தி, அம்மாவிடம் நீட்டினாள்.

"நானும்தான் பாத்துட்டுச் சும்மா இருந்தேம்மா. நீயே சொல்லிரு."

அவள் வாங்குவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க சம்பந்தி."

மாப்பிள்ளையின் அம்மா முறைவைத்து முதல் தடவையாகக் கூப்பிடுகிறாள். குரலில் சிரிப்பு. பின்னால் நெடுஞ்சாலை இரைச்சல்.

படியில் நாதன் மீண்டும் அத்தை படத்துக்கு வந்திருந்தான்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க," என்றாள். "மூத்தவன் இங்கனதான் இருக்கான். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு நாந்தான் மறைச்சேன்."



மறுமுனையில் அந்தம்மா டிரைவரிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்வது கேட்டது.