சாம்பியன் விரல்

வீடியோ கேம் சண்டைப் போட்டியில் ஐந்து வருடமாக முதல் சுற்றிலேயே உதைவாங்கித் திரும்பிய சிற்றரசு, போன மாதம் ஒரு சாம்பியனின் விரல் பழக்கத்தை, பழக்கம் விற்கும் கடையில் விலைக்கு வாங்கித் தன் வலக்கையில் ஏற்றிக்கொண்டான். அப்புறம் என்ன, அடுக்ககமே வாயைப் பிளக்கும்படி வரிசையாக ஜெயித்தான். அவன் மனைவி தமயந்திக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கை மூக்குக்குப் போகும். குடையும், உருட்டும், மேஜைக்கு அடியில் தடவிவிட்டுத் திரும்பச் சாதத்துக்கே வரும்.

"கருமம், கருமம்! கைய எடுங்க!"

"நானா பண்றேன்? பழக்கத்தப் பிரிச்சுத் தர மாட்டாங்களாம்டி, மொத்தமாத்தான் ஏறுமாம். ஞாயித்துக்கிழமை பைனல் முடியட்டும், எடுத்துடறேன்."

"யாரோட விரலு அது?"

"ஆவடி குணாளன். தெரியாதா?"

தெரியாமல் என்ன! ஒன்பது வருடத்துக்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்தவன். பஜ்ஜித் தட்டும் கையுமாக மூக்கைக் குடைந்து, நாற்காலிக்கு அடியில் தடவிய மகராசன். அதற்காகவே அவனை வேண்டாமென்றவள், நகம் வெட்டிச் சுத்தமாக இருந்த கையைப் பார்த்துத்தான் சிற்றரசுவுக்குத் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சிற்றரசு கோப்பையோடு வந்தான். "அடுத்த மாசம் தேசியப் போட்டி. இப்பப் போய் எடுப்பாங்களா?" என்றபடி, எதிர்வீட்டு கஸ்தூரி அக்கா வேடிக்கை பார்க்க ஒரு சாக்காகக் கொண்டுவந்திருந்த பஜ்ஜியில் ஒன்றை எடுத்தான். விரல் மூக்குக்குப் போனது.

தமயந்தி, குணாளன் பெண் பார்க்க வந்த அன்று போலவே எழுந்து உள்ளே போனாள். அன்று உள்ளே அம்மா இருந்தாள், 'இவன் வேண்டாம்மா' என்று சொல்வதற்கு.