கையெழுத்து

"அவுகளுக்குப் பென்சிலின் ஆகாதும்மா, போன தடவ மூச்சே நின்னுட்டு" என்று மூன்று ஷிப்டு நர்சுகளிடமும் சொல்லிப் பார்த்தாள் இசக்கியம்மாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அதனால், நினைவில்லாமல் கிடந்த கணவரின் கையிலேயே பேனாவால் பெரிதாக எழுதிவிட்டாள்: பென்சிலின் ஆகாது. காலையில் ஊசியோடு வந்த புது நர்சு அதைப் படித்தாள். கேஸ் ஷீட்டையும் புரட்டிப் பார்த்தாள். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. பேஷண்ட் மேல இப்படிக் கிறுக்கலாமா? இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். வெளிய இருங்க." கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. இசக்கியம்மாள் அதைத் தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே நர்சு ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தாள். பஞ்சு நீலமாயிற்று. பிறகு அந்தச் சுத்தமான இடத்தில் நரம்பு தேடி, இரண்டு விரலால் அவளும் தட்டினாள்.